மாமா பட்டறையா, துவாக்குடி கம்பெனியா?

கேள்வி: "ஐயா, எனக்கு வயது 19. முசிறிக்குப் பக்கத்துக் கிராமம். அரசு ஐடிஐ-யில் வெல்டர் பிரிவு ஓராண்டு படித்துத் தேறிவிட்டேன். திருச்சி துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனி ஓராண்டு அப்ரன்டிஸாகச் சேரச் சொல்கிறது, மாதம் 10,000 ரூபாய். தாய்மாமா கிரில் பட்டறை வைத்திருக்கிறார். நாளைக்கே வந்தால் நாளுக்கு 600 தருகிறேன் என்கிறார். இன்னொருவர் 70,000 கட்டினால் மூன்று மாதத்தில் 6ஜி பைப் வெல்டிங் கற்றுக்கொடுத்து வளைகுடாவுக்கு அனுப்புகிறேன் என்கிறார். அப்பா இல்லை, தங்கை படிக்கிறாள். கம்பெனியில் சேர்ந்த அண்ணன்கள், ஆறு மாதம் கிரைண்டிங்தான், வெல்டிங் ராடைத் தொடவே விடமாட்டார்கள் என்று சொல்கிறார்கள். அம்மாவுக்கு என் கண் போய்விடும் என்று பயம். நான் எங்கே போவது?"

அன்புள்ள தம்பி,

துவாக்குடிக்குப் போங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை ஷெட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் பணம். மாமா கொடுக்கும் 600-ஐ 26 நாளுக்குப் போட்டால் 15,600. கம்பெனியில் 10,000. மாதம் 5,600 குறைகிறது, வருடத்துக்கு 67,200. அப்பா இல்லாத வீட்டில், தங்கை படித்துக்கொண்டிருக்கும்போது, இது சின்னத் தொகை இல்லை. அதனால் "பணத்தைப் பார்க்காதே, தொழிலைப் பார்" என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள். பஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் இழுத்துப் பிடித்துச் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் போங்கள். அந்த ஏஜென்ட் கேட்பதும் ஏறக்குறைய இதே பணம்தான், கவனித்தீர்களா? அவரிடம் 70,000 கொடுத்து மூன்று மாதம் கற்பதா, கம்பெனியில் 67,000 குறைவாக வாங்கி ஒரு வருடம் கற்பதா என்பதுதான் உண்மையில் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி.

மாமா பட்டறையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் வாசலில் நின்று அளவெடுப்பது, பைப் விலை ஏறும்போது ரேட் சொல்வது, சொன்ன தேதியில் கேட்டை மாட்டிப் பணத்தை வாங்குவது, இதெல்லாம் எந்தக் கம்பெனியும் கற்றுத்தராது. பின்னாளில் சொந்தப் பட்டறை வைக்க நினைத்தால் அவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் அங்கே ஐந்தாவது வருடமும் அதே 16 கேஜ் சதுரப் பைப், அதே 6013 ரக ராடுதான். 20 மி.மீ. பிளேட் கைக்கு வராது, டிராயிங் வராது. நீங்கள் போட்ட வெல்டை இன்னொருவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "இது ஆகாது, தோண்டு" என்று சொல்லும் நிலை வரவே வராது. அந்த நிலை உங்களுக்கு இந்த வயதிலேயே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, கிரைண்டிங் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன்கள் சொன்னது பெரும்பாலும் உண்மை. முதல் சில மாதம் கிரைண்டிங், சிப்பிங், பிளேட் தூக்குவது, மார்க்கிங்குக்கு டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது, இவைதான். நானும் அப்படித்தான் இருந்தேன். அப்போது கோபமாக வரும். வெல்டிங் படித்துவிட்டு வந்தவனை டேப் பிடிக்க விடுகிறார்களே என்று. ஆனால் அந்த டேப்பின் மறுமுனையில்தான் தொழில் இருக்கிறது, தம்பி. வெல்டிங் என்பது ஃபேப்ரிகேஷனில் கடைசியில் வரும் வேலை. அதற்கு முன்னால் டிராயிங் படித்து, பிளேட்டில் அளவு போட்டு, வெட்டி, பெவல் போட்டு (ஓரத்தைச் சாய்வாகச் சீவி), ரோல் செய்து, ஃபிட்டப் செய்து (துண்டுகளைப் பொருத்தி), டேக் (பிடிப்புக்குச் சின்னப் பொட்டு வெல்ட்) வைத்திருப்பார்கள். அதில் தப்பு இருந்தால் உலகத்திலேயே நல்ல வெல்டர் வந்தாலும் அந்த ஜாப்பைக் காப்பாற்ற முடியாது.

என் கதை ஒன்று சொல்கிறேன். ஒரு டேங்க் ஷெல்லுக்கு மார்க்கிங் போடும் வேலை முதல்முறையாக என் கையில் வந்தது. வெளிவிட்டம் 1,000 மி.மீ., பிளேட் 10 மி.மீ. கனம். நான் பள்ளிக்கூடக் கணக்குப்படி 1,000-ஐ 3.1416-ஆல் பெருக்கி 3,142 என்று கோடு போட்டேன். வெட்டி, ரோல் பண்ணி நிறுத்திப் பார்த்தால் ஷெல் 10 மி.மீ. பெரிதாக நிற்கிறது, மூடி உட்காரவில்லை. பிளேட்டை வளைக்கும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது, நடுக்கனத்தில் இருக்கும் நீளம்தான் மாறாமல் நிற்கிறது. அதனால் வெளிவிட்டத்திலிருந்து ஒரு கனத்தைக் கழித்து 990-ஐத்தான் பெருக்க வேண்டும். 3,110 வரும். நான் 32 மி.மீ. கூடுதலாக விட்டிருந்தேன். அந்தப் பட்டையை வெட்டி எடுத்து, மறுபடி பெவல் போட்டு, மறுபடி ரோலில் ஏற்ற ஒரு முழு நாள் போனது. மேஸ்திரி திட்டவில்லை. சாக்பீஸை என் கையில் கொடுத்து, அந்தப் பிளேட் மேலேயே ஐந்து வேறு விட்டங்களுக்குக் கணக்குப் போடச் சொன்னார். அதன் பிறகு அந்தத் தப்பு என் கையிலிருந்து வரவில்லை.

எடைக் கணக்கும் அப்படித்தான். ஒரு சதுர மீட்டர் பிளேட், ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. 1.25-க்கு 2.5 மீட்டர், 8 மி.மீ. பிளேட் என்றால் 196 கிலோ. இதை மனதுக்குள் போட்டுவிட்டுத்தான் கிரேன் சங்கிலியை மாட்ட வேண்டும். உருண்டைக் கம்பிக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். ஃபிரேம் சதுரமாக நிற்கிறதா என்பதற்கு மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் டேக் வைக்க வேண்டும்.

அப்புறம், இழுப்பு. வெல்ட் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இரும்பை இழுக்கும். சேனல் இரும்பில் செய்த ஒரு பேஸ் ஃபிரேமை ஒரு பக்கமே தொடர்ச்சியாகப் போட்டுக்கொண்டு போனால் சாயங்காலம் அது வில்லாக வளைந்து கிடக்கும். எதிரெதிராக மாற்றி மாற்றிப் போடுவது, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் போடுவது, இழுக்கப்போகும் பக்கத்துக்கு எதிராக முன்கூட்டியே சற்றுச் சாய்த்து டேக் வைப்பது, இதெல்லாம் புத்தகத்தில் ஒரு பக்கம்தான். கையில் வர ஒரு வருடம் ஆகும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் வெல்ட் பருமனாக இருந்தால் பலம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. டிராயிங்கில் 6 மி.மீ. ஃபில்லட் (மூலை வெல்ட்) கேட்டிருக்கும்போது 9 மி.மீ. போட்டால் உருக்கி ஊற்றும் உலோகம் இரண்டே கால் மடங்கு ஆகிறது. ராடு வீண், நேரம் வீண், இழுப்பும் அதிகம். கேட்ட அளவைக் கேட்டபடி போடுகிறவன்தான் நல்ல வெல்டர்.

இதெல்லாம் கிரைண்டிங் பண்ணிக்கொண்டே கற்கலாம், கண்ணைத் திறந்து வைத்திருந்தால். ஃபிட்டர் அண்ணன் எந்த வரிசையில் டேக் வைக்கிறார், இரண்டு துண்டுக்கும் நடுவில் ரூட் இடைவெளி எவ்வளவு விடுகிறார் என்று பாருங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கிராப் துண்டு இரண்டை எடுத்து, மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு, ராடு பிடித்துப் பழகுங்கள். ஆர்வம் தெரிகிற பையனுக்கு ஆறு மாதத்துக்கு முன்னாலேயே ஹோல்டர் கைக்கு வந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் தாண்டியும் கிரைண்டரைத் தவிர வேறெதுவும் இல்லை என்றால், பயிற்சித் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இப்போது, ஷெட்டுக்குள் போனால் பார்க்க வேண்டியவை. முதலில் ராடைச் சூடாக வைக்கும் அடுப்பு (ராடு அவன்) இருக்கிறதா, அது சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். 7018 ராடு ஈரத்தைக் குடித்தால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் போகும். பிற்பாடு விரிசல் விடும். அதை 300, 350 டிகிரியில் சுட்டு எடுத்து, சூடாகவே வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். ராடு பாக்கெட்டைப் பிரித்து மழைச்சாரல் படும் ஜன்னலில் போட்டிருக்கும் இடத்தில் நல்ல பழக்கம் கற்க முடியாது. இரண்டாவது, கிரைண்டர்களில் கார்டு, அதாவது டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்புத் தகடு, இருக்கிறதா. பெரிய டிஸ்க் மாட்டுவதற்காகக் கார்டைக் கழற்றி எறிந்திருந்தால், அங்கே சேராதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஏழு இஞ்ச் டிஸ்க் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டது இல்லை. அது உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவது, மேஜை மேல் டிராயிங் விரித்து வைத்து யாராவது அளவு சரிபார்க்கிறார்களா. இந்த மூன்றும் இருந்தால் அது கற்கத் தகுந்த இடம்.

என் இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது. நான் முதலில் சேர்ந்தது ஒரு சின்னப் பட்டறை. கார்டு இல்லாத கிரைண்டர், டிஸ்க் உடைந்து விரலைக் கிழித்தது. பன்னிரண்டு தையல். முதலாளி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், முதல் நாள் பில்லைக் கட்டினார், அத்தோடு சரி. இரண்டு மாதம் வேலை இல்லை, கூலி இல்லை. நான் அங்கே வேலை பார்த்தேன் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதனால்தான் இந்த அடுத்த விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

அப்ரன்டிஸ் என்றால் வாய்வார்த்தை போதாது. தொழிற்பழகுநர் சட்டம், 1961 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி உங்களுக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், அது அரசின் அப்ரன்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிவாக வேண்டும். பதிவு எண் கேட்டு வாங்குங்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் அப்ரன்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்பதால், நீங்கள் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பயிற்சியில் அடிபட்டால் நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு. அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் உங்களை ஓவர்டைம் பார்க்கச் சொல்ல முடியாது. உதவித்தொகைக்குக் கீழ்வரம்பு உண்டு. 2019 விதிகளில் ஐடிஐ முடித்தவருக்கு 7,000 என்று வைத்தார்கள், 2025-இல் அதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று பரிந்துரை வந்தது. உங்களுக்குச் சொன்ன 10,000 அதற்கும் மேலேயே இருக்கிறது, நல்லது. வருடம் முடிந்ததும் தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். பெரிய நிறுவனங்களில் வேலைக்கு மனுப் போடும்போது ஐடிஐ சான்றிதழோடு அதையும் வைத்தால் எடை கூடும்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. "நீதான்பா அடுத்த வருஷம் பர்மனென்ட்" என்று யாராவது தோளில் தட்டினால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பதிவு செய்யாமல் "டிரெய்னி" என்று மட்டும் ஒரு கார்டு கொடுத்தால், திருச்சியில் இருக்கும் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவது நியாயம். ஆனால் கவனமாக இருந்தால் கண்ணைக் காப்பாற்றலாம், இத்தனை வருடத்துக்குப் பிறகும் நான் தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். ஆர்க் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுடும். பட்டவுடன் தெரியாது. ஆறு, எட்டு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும். பெரும்பாலும் இது வெல்டருக்கு வருவதில்லை, பக்கத்தில் ஷீல்டு இல்லாமல் நிற்கும் ஹெல்பருக்குத்தான் வரும். அதாவது முதல் மாதங்களில் உங்களுக்கு. அதனால் ஷெட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி முகத்தில் இருக்கட்டும். டேக் பிடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள், உங்களுக்கும் ஒரு ஷீல்டு கேளுங்கள். 100, 150 ஆம்பியர் வேலைக்கு 10 அல்லது 11-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி வேண்டும். கடைத்தெருக் கூலிங் கிளாஸ் எந்த விதத்திலும் உதவாது. அப்படியும் ஒருநாள் பட்டுவிட்டால், தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கை வெட்டி வைப்பது எல்லாம் வேண்டாம். கண்ணைக் கசக்காமல் டாக்டரிடம் போங்கள், ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். கிரைண்டிங் பொறி கண்ணில் விழுந்தால் துணி முனையாலோ ஊசியாலோ எடுத்துவிடுகிறேன் என்று வரும் நண்பர்களை அருகில் விடாதீர்கள். கருவிழி அவர்கள் வேலை செய்யும் இடம் இல்லை.

அம்மா கேட்காத ஒன்றைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை, புகை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. வேலை முடிந்ததும் வாழைப்பழமும் வெல்லமும் சாப்பிட்டால் புகை இறங்கிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். அது வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. தலையைப் புகைக்கு மேலே நீட்டாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பழகுங்கள், காற்று புகையை உங்கள் முகத்தை விட்டு விலக்கித் தள்ளும்படி நில்லுங்கள், என்95 போன்ற முகமூடி போடுங்கள். ஜிஐ பைப்பில் துத்தநாகப் பூச்சை முதலில் கிரைண்ட் செய்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகை இன்னும் மோசம், அதில் குரோமியம் இருக்கிறது. பெயின்ட், பெட்ரோல் இருந்த டிரம்மை யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். வியர்வைக்குக் காற்று வேண்டும் என்று ஆக்ஸிஜன் ஹோஸைச் சட்டைக்குள் விடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஆக்ஸிஜன் ஏறிய துணியில் ஒரு பொறி பட்டால் அணைக்க நேரம் இருக்காது.

கடைசியாக அந்த ஏஜென்ட். 6ஜி என்பது பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்தி, நீங்கள் சுற்றி வந்து போடும் வெல்ட். கீழே, பக்கவாட்டில், தலைக்கு மேலே எல்லா நிலையும் ஒரே ஜாயின்ட்டில் வந்துவிடும். கை ஏற்கனவே நிலைத்தவனுக்கு மூன்று மாதப் பயிற்சி நல்ல பலன் தரும். ஐடிஐ முடித்து நேரே வந்தவனுக்கு அது சான்றிதழை மட்டும் தரும். வெளிநாட்டு ஆள் தேர்வில் சான்றிதழைப் பார்க்க மாட்டார்கள். பைப்பை மாட்டி "போடு" என்பார்கள், பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதோடு, ஏ.எஸ்.எம்.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி ஒரு வகை வெல்டிங்கை ஆறு மாதம் செய்யாமல் இருந்தாலே அந்தத் தகுதி காலாவதி. வேலை இல்லாமல் கையில் வைத்திருக்கும் 6ஜி காகிதத்துக்கு அவ்வளவுதான் ஆயுள். வளைகுடாவுக்குப் போகும் ஆசை தப்பில்லை. போகும்போது அந்த ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர்கள் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். தமிழக அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமான ஓஎம்சிஎல் வழியாகவும் போகலாம்.

திருச்சிக்காரருக்கு இன்னொரு வசதி இருக்கிறது. பெல் கொதிகலன் ஆலை வந்த 1965-லிருந்து இந்த ஊர் கொதிகலன் ஊர். 1975-லிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கேயே இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து டிக் (ஆர்கான்) வெல்டிங்கில் கை படிந்ததும் 6ஜி-யும், ஐபிஆர் என்ற இந்தியக் கொதிகலன் விதிப்படியான வெல்டர் தகுதியும் எடுக்க நினைத்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள வெளியூர் போக வேண்டாம். பவர் பிளான்ட் ஆர்டர் குறைந்த வருடங்களில் இங்கே ஷெட்டுகள் காலியாகக் கிடந்ததையும் பார்த்தவன் நான். அப்போது வெல்டிங் மட்டும் தெரிந்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். டிராயிங் படிக்கவும் ஃபிட்டப் செய்யவும் தெரிந்தவர்களைச் சர்க்கரை ஆலை வேலைக்கும் ஸ்ட்ரக்சர் வேலைக்கும் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மாமாவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், அம்மாவை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். ஒரு வருடம் கழித்து இன்னும் நல்ல கையோடு வருகிறேன், நடுவில் ஏதாவது ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கப் போகும்போது கூட்டிப்போங்கள் என்று கேளுங்கள்.

முதல் நாளுக்குப் பழைய பருத்திச் சட்டை, முழுக்கை. நைலான், பாலியஸ்டர் வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும். பேன்ட் நுனியை மடித்துவிடாதீர்கள், பொறி அதற்குள் போய் உட்காரும். தோல் ஷூ கம்பெனி கொடுக்க நாளானால் சொந்தக் காசில் வாங்கிவிடுங்கள், அந்தச் செலவில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பையில் 5 மீட்டர் டேப், ஒரு சாக்பீஸ், ஒரு சின்ன நோட்டு. ஒப்பந்தப் பதிவு எண் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். முதல் மாதம் யாரோடு வேலை பார்த்தீர்கள், என்ன ஜாப் என்றும் எழுதுங்கள்.